கால இடைவெளியை ஒரே மதிப்பாகச் சேமிக்கத் தொடங்கியபோது

தரவுத்தளத்தில் ஒன்று எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைச் சேமிக்க வேண்டியிருந்தால், பெரும்பாலான நிரலர்கள் அதிகம் யோசிக்காமல் தொடக்க நேரம், முடிவு நேரம் என்று இரண்டு புலங்களை எழுதிவிடுகிறார்கள். நான் பராமரிக்கும் முன்பதிவுச் செயலியும் அப்படித்தான் அமைந்திருந்தது. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஆய்வகக் கருவிகளை நேரம் குறித்து ஒதுக்கித் தருவதும், அந்தந்த நாளில் நடைமுறையில் இருந்த கட்டணத்தைக் கணக்கிடுவதும் அதன் வேலை. ஒரே கருவி ஒரே நேரத்தில் இருவருக்குப் போய்விடக் கூடாது என்பதே அதன் அடிப்படை விதி. அந்த விதி தரவுத்தளத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. செயலியின் நிரலில் மட்டும் இருந்தது. மோதும் முன்பதிவு ஏற்கெனவே உள்ளதா என்று முதலில் ஒரு வினவல் தேடும். எதுவும் இல்லையென்றால் அடுத்த வினவல் புதிய பதிவைச் சேர்க்கும்.

இந்த முறை பெரும்பாலும் சரியாகவே வேலை செய்யும். இரண்டு பரிவர்த்தனைகள் (முழுதும் நிறைவேறும் அல்லது முழுதும் கைவிடப்படும் வினவல் தொகுதிகள்) ஒரே சமயத்தில் தேடலை முடித்துவிட்டால்தான் சிக்கல். மற்றவர் சேர்க்கவிருக்கும் பதிவு இன்னும் கமிட் ஆகாததால் (இறுதியாக உறுதி செய்யப்படாததால்) இருவர் கண்ணுக்கும் அந்த நேரம் காலியாகவே தெரியும், இருவரும் சேர்த்துவிடுவார்கள். சோதனையை டிரிகருக்குள் (பதிவு சேரும்போது தரவுத்தளம் தானாக இயக்கும் நிரலுக்குள்) கொண்டுபோனாலும் இது தீராது, ஏனென்றால் வழக்கமான ரீட் கமிட்டட் நிலையில் டிரிகரும் கமிட் ஆன பதிவுகளையே பார்க்கிறது. கருவியின் பதிவை முதலில் பூட்டிவிட்டுச் சோதிக்கலாம், அல்லது பரிவர்த்தனைகளை, ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது போன்ற விளைவையே அனுமதிக்கும் சீரியலைசபிள் நிலைக்கு உயர்த்தலாம். இரண்டும் செல்லுபடியாகும் தீர்வுகளே. ஆனால் பதிவைச் சேர்க்கும் ஒவ்வொரு நிரலும் அந்த ஒழுங்கைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும். நிர்வாகத்துக்காக யாரோ அவசரத்தில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் அதைக் கடைப்பிடிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. எனவே விதியைத் தரவுத்தளத்துக்குள்ளேயே கொண்டுபோக முடிவு செய்தோம். நாங்கள் பயன்படுத்துவது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம். அதில் 2012-இல் வந்த 9.2 பதிப்பிலிருந்தே, ஓர் இடைவெளியின் இரு முனைகளையும் ஒரே மதிப்பாகச் சேமிக்கும் ரேஞ்ச் வகைகள் இருக்கின்றன.

இந்த மாற்றத்தைத் தொடங்குபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, தம்மிடம் இருப்பது கால அளவா, கால இடைவெளியா என்பதை. இரண்டு மணி நேரம் என்பது கால அளவு. அதற்கு நாள்காட்டியில் இடம் கிடையாது. குறிப்பிட்ட ஒரு நாளில் 10:00 மணி முதல் 12:00 மணி வரை என்பது கால இடைவெளி. அதற்கு இரு முனைகளும் நாள்காட்டியில் நிலைத்த இடமும் உண்டு. தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லின் தரநிலையில் 1992 முதல் இருக்கும் இன்டர்வல் என்ற வகை முதலாவதைத்தான் குறிக்கிறது. பெயரைப் பார்த்து அதை எடுத்துக்கொண்டு, தொடக்க நேரத்தோடு ஒரு கால அளவைச் சேர்த்துச் சேமிக்கும் வடிவமைப்புகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன். மணிக்கணக்கில் இருக்கும்வரை அது தொல்லை தராது. மாதம் உள்ளே வந்ததும் கணக்கு வழுக்கத் தொடங்கும்.

போஸ்ட்கிரெஸ் ஓர் இன்டர்வல் மதிப்பை மாதங்கள், நாட்கள், மைக்ரோ விநாடிகள் என மூன்று தனித்தனிப் பகுதிகளாக வைத்திருக்கிறது. மாதத்துக்கு நிலையான நாட்கள் இல்லை, கோடைகால நேர மாற்றம் உள்ள இடங்களில் நாளுக்கும் நிலையான மணிகள் இல்லை என்பதால் இந்தப் பிரிப்பு நியாயமானது. அதன் விளைவுகளோ பலருக்கு வியப்பளிக்கும். 2024 ஜனவரி 31-உடன் ஒரு மாதத்தைக் கூட்டினால் பிப்ரவரி 29 கிடைக்கும்; அதனுடன் இன்னொரு மாதத்தைக் கூட்டினால் மார்ச் 29. ஆனால் அதே ஜனவரி 31-உடன் இரண்டு மாதங்களை ஒரேயடியாகக் கூட்டினால் மார்ச் 31 வரும். ஒரு மாதமும் 30 நாட்களும் சமமா என்று கேட்டால், ஒப்பீட்டுக்காக மாதத்தை 30 நாட்களாகக் கொள்வதால், ஆம் என்றே விடை வரும். ஆனால் அவ்விரண்டையும் ஒரே தேதியுடன் கூட்டிப் பார்த்தால் வெவ்வேறு தேதிகள் கிடைக்கக்கூடும். ஆரக்கிளில் ஜனவரி 31-உடன் ஒரு மாத இன்டர்வலைக் கூட்டினால், பிப்ரவரி 31 என்று ஒரு தேதி இல்லையென்று பிழைச் செய்தியே வந்துவிடும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, எல்லோருக்கும் பிடிக்காது என்றாலும். ஆகவே ஒப்பந்தமோ முன்பதிவோ எதுவானாலும், கணக்கை ஒருமுறை செய்து இரு முனைகளையும் நிலையான நேரங்களாகச் சேமித்துவிடுவதே நல்லது. கால அளவு என்பது விதிகளை எழுதுவதற்கானது. «ஒரு முன்பதிவு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது» என்பது போன்ற இடங்களில் அது பொருத்தமாக உட்காரும்.

அடுத்தது எல்லைகள். முடிவு நேரம் இடைவெளிக்குள் அடங்குமா, அடங்காதா என்பதற்கு எங்கள் பழைய அட்டவணைகளில் ஒரே விடை இருக்கவில்லை. முன்பதிவு அட்டவணையில் 11:00 என்றால் 11:00 மணிக்கு முன்பு வரை. கட்டண அட்டவணையில் 31-ஆம் தேதி என்றால் அந்த நாளும் சேர்த்து. பிட்வீன் (BETWEEN) என்று எழுதப்பட்ட வினவல்கள் இரு முனைகளையும் உள்ளடக்கிக்கொள்வதால், சரியாக 11:00 மணிக்கு முடியும் முன்பதிவையும் 11:00 மணிக்குத் தொடங்கும் முன்பதிவையும் மோதலாகக் காட்டின. அதைத் தவிர்க்க 10:59:59 என்று முடிவைச் சேமிக்கும் பழக்கம் பரவலாக உண்டு. அது ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விநாடிப் பிளவை விட்டுச்செல்கிறது. ஒரு நாளின் மொத்தப் பயன்பாட்டைக் கூட்டினால் எண் முழுமையாக வராது. மில்லி விநாடி வரை நெருக்கிப் போனாலும் தப்ப முடியாது. எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகையில் 23:59:59.999 என்று எழுதினால், அந்த வகையின் துல்லியம் ஒரு விநாடியின் முந்நூறில் ஒரு பங்கு என்பதால், மதிப்பு அடுத்த நாளின் நள்ளிரவாக முழுமையாக்கப்பட்டுவிடும்.

தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே என்ற அரைத்திறந்த வடிவத்தையே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். [10:00, 11:00) என்பதும் [11:00, 12:00) என்பதும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், மோதாது; நீளம் வேண்டுமென்றால் ஒரு கழித்தல் போதும். போஸ்ட்கிரெஸின் தேதி ரேஞ்ச் இதைத் தானாகவே செய்கிறது: ஜனவரி 1 முதல் 31 வரை, இரு முனைகளும் உட்பட என்று கொடுத்தாலும் அதை [ஜனவரி 1, பிப்ரவரி 1) என்றே மாற்றி வைத்துக்கொள்ளும். நேரத்தைக் கொண்ட ரேஞ்ச் வகைகளுக்கு இந்த மாற்றம் நடப்பதில்லை. எல்லைக் குறியை நாமே ஒவ்வொரு முறையும் சரியாகக் கொடுக்க வேண்டும், அல்லது மேல் எல்லை வெளியே இருக்கிறதா என்று ஒவ்வொரு பதிவையும் சோதிக்கும் ஒரு செக் கட்டுப்பாடு போட வேண்டும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். திரையில் மட்டும் மனிதர்கள் எதிர்பார்க்கும்படி «31 வரை» என்று காட்ட ஒரு நாளைக் கழித்துக்கொள்கிறோம். இந்தக் கழித்தல் திரையை ஒட்டிய ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு இடங்களில் இருந்தால் ஒரு நாள் இருமுறை கழிபடும் அபாயம் உண்டு.

முடிவு தெரியாத இடைவெளிகளுக்கும் ஒரு முடிவு தேவைப்பட்டது. நடப்புக் கட்டணத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. பழைய தரவில் சில பதிவுகளில் அந்த இடம் நல் (NULL, மதிப்பு இல்லை) ஆகவும், சிலவற்றில் 9999-12-31 ஆகவும் இருந்தது. ரேஞ்ச் வகையில் மேல் எல்லையை நல் ஆகக் கொடுத்தால் எல்லையற்றது என்று பொருள், அதைத்தான் ஏற்றுக்கொண்டோம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. போஸ்ட்கிரெஸில் நேர வகைக்கே இன்ஃபினிட்டி என்ற மதிப்பு இருக்கிறது. அதை மேல் எல்லையாகக் கொடுத்தால், ரேஞ்சின் பார்வையில் அது எல்லையற்றது அல்ல, இன்ஃபினிட்டி என்ற மதிப்பில் முடிவடைவது. மேல் பக்கம் எல்லையற்றதா என்று கேட்கும் செயற்கூறு அதற்கு «அல்ல» என்றே பதில் தரும். இரண்டையும் கலந்து சேமித்தால், முடிவற்ற கட்டணங்களைத் தேடும் வினவலில் பாதி விடுபடும்.

ரேஞ்ச் வகை நமக்குத் தருவது ஒரு மதிப்பையும் சில செயற்குறிகளையும்தான்: மேற்பொருந்துகிறதா, உள்ளடக்குகிறதா, ஒட்டியிருக்கிறதா என்று கேட்கலாம். மோதலைத் தடுப்பது அந்த வகை அல்ல. அதைச் செய்வது எக்ஸ்குளூஷன் கன்ஸ்ட்ரெயிண்ட் என்ற கட்டுப்பாடு, 2010-இல் 9.0 பதிப்பில், ரேஞ்ச் வகைகளுக்கும் முன்பே வந்தது. கருவி எண் சமமாகவும் இடைவெளி மேற்பொருந்துவதாகவும் எந்த இரண்டு பதிவுகளும் இருக்கக் கூடாது என்று அதில் எழுதலாம். கட்டுப்பாட்டுக்கு அடியில் ஜிஸ்ட் வகை இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் துணை அமைப்பு) இயங்குகிறது; கருவி எண் போன்ற சாதாரண எண்ணையும் அதே இண்டெக்ஸில் சேர்க்க பிட்ரீ ஜிஸ்ட் என்ற நீட்சியை நிறுவ வேண்டும். இரண்டு பரிவர்த்தனைகள் ஒரே நேரத்தில் மோதும் பதிவுகளைச் சேர்க்க முயன்றால், ஒன்று மற்றதன் முடிவுக்காகக் காத்திருக்கும். முதலாவது கமிட் ஆனால் இரண்டாவதுக்குப் பிழை வரும், முதலாவது பின்வாங்கினால் இரண்டாவது தொடரும். அரிதாக இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருந்து டெட்லாக் ஆகி, அவற்றில் ஒன்று கைவிடப்படும். எனவே செயலி இரண்டு விதமான பிழைகளையும் பிரித்தறிய வேண்டும்: மோதல் பிழை வந்தால் பயனருக்குச் சொல்ல வேண்டும், டெட்லாக் வந்தால் சத்தமில்லாமல் மீண்டும் முயல வேண்டும்.

ரத்தான முன்பதிவுகளும் அதே அட்டவணையில் கிடந்தன. அவை நேரத்தைப் பிடித்துவைக்கக் கூடாது. கட்டுப்பாட்டுக்கு ஒரு WHERE நிபந்தனை சேர்க்கலாம் என்பதால், ரத்தாகாத பதிவுகளுக்கு மட்டும் அதை வரையறுத்தோம். வேறு வேலை எதுவும் தேவைப்படவில்லை.

நான் மிகவும் கவனமாக இருக்கச் சொல்வது வெற்று ரேஞ்ச் விஷயத்தில். தொடக்கமும் முடிவும் ஒரே நேரமாக இருந்தால், [10:00, 10:00) என்பது எந்தக் கணத்தையும் உள்ளடக்காத வெற்று ரேஞ்சாகச் சுருங்கிவிடும். வெற்று ரேஞ்ச் எதனுடனும் மேற்பொருந்தாது; ஆகவே கட்டுப்பாடு அதைத் தடுக்காமல் உள்ளே விட்டுவிடும். ரேஞ்ச் முழுவதும் நல் ஆக இருந்தாலும் இதே கதைதான். அதைவிட மோசம், வெற்று ரேஞ்சாக ஆனபின் அதன் கீழ் எல்லை என்ன என்று கேட்டால் நல் என்றே பதில் வரும். 10:00 என்ற தகவலே மறைந்துபோயிருக்கும். புலத்தை நாட் நல் ஆக்குவதும், வெற்றாக இல்லை என்று ஒரு செக் கட்டுப்பாடு போடுவதும் இந்த மாற்றத்தின் பிரிக்க முடியாத பகுதி. தொடக்கம் முடிவுக்குப் பின்னால் இருந்தால் கவலையில்லை. ரேஞ்சை உருவாக்கும்போதே பிழை வந்துவிடும்.

புதிய அட்டவணைக்கு இத்தனையும் ஒரு மணி நேர வேலை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணையில்தான் உண்மையான உழைப்பு. பழைய தரவில் மோதும் ஒரு ஜோடி இருந்தால்கூடக் கட்டுப்பாடு உருவாகாது. மற்ற சில கட்டுப்பாடுகளைப் போல இதைச் சரிபார்ப்பைத் தள்ளிவைத்துச் சேர்க்கவும் வழியில்லை. எனவே முதலில் மோதல்களைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு லேக் என்ற விண்டோ செயற்கூறைக் கொண்டு, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தையும் முந்தைய பதிவின் முடிவோடு ஒப்பிடும் வினவலைப் பலர் எழுதுவார்கள். அது போதாது. ஒரு கருவி 9:00 முதல் 17:00 வரை பராமரிப்புக்காகப் பிடிக்கப்பட்டிருக்கிறது, அதற்குள் 10:00 முதல் 11:00 வரை ஒரு பதிவும் 14:00 முதல் 15:00 வரை இன்னொரு பதிவும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது பதிவை இரண்டாவதோடு மட்டும் ஒப்பிட்டால் மோதல் தெரியாது. முதலாவது பதிவு இன்னும் முடியவில்லை என்பது கண்ணில் படாமல் போகும். அதுவரை வந்த எல்லாப் பதிவுகளின் முடிவுகளிலும் மிகப் பெரியதை எடுத்து அதோடு ஒப்பிட்டால்தான் அது பிடிபடும். பராமரிப்புப் பதிவுகள் நீளமானவை என்பதால் எங்கள் தரவில் இந்த வகை மோதல்களே அதிகம்.

கண்டுபிடித்த மோதல்களில் எது சரி என்பதை நிரலர் தீர்மானிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. யார் உண்மையில் கருவியைப் பயன்படுத்தினார்கள் என்பது ஆய்வகத்தை நடத்துபவர்களுக்குத்தான் தெரியும். பட்டியலை அவர்களிடம் கொடுத்தோம். அவர்கள் சொன்னபடி சில பதிவுகள் ரத்தாயின, சிலவற்றின் நேரம் திருத்தப்பட்டது. முன்பிருந்த மதிப்புகளை ஒரு தனி அட்டவணையில் பாதுகாத்த பிறகே எதையும் மாற்றினோம்.

இனி அட்டவணையின் வடிவம். இரண்டு புலங்களையும் நீக்கிவிட்டு ரேஞ்ச் புலத்தை மட்டும் வைப்பது அழகுதான். ஆனால் எத்தனையோ அறிக்கைகள் அந்த இரண்டு புலங்களைப் படித்துக்கொண்டிருந்தன. 12-ஆம் பதிப்பு முதல் உள்ள ஜெனரேட்டட் புலமாக (மற்ற புலங்களிலிருந்து தானாகக் கணக்கிட்டுச் சேமிக்கப்படுவது) ரேஞ்சைச் சேர்க்கலாம் என்றாலும், அது முழு அட்டவணையையும் திரும்ப எழுதும். நாங்கள் மூன்றாவது வழியைத் தேர்ந்தோம்: புலங்கள் அப்படியே இருக்க, கட்டுப்பாட்டுக்குள் அந்த இரண்டிலிருந்தும் ரேஞ்சைக் கட்டும் கோவையை எழுதினோம். பழைய நிரல்கள் எதையும் உணரவில்லை. இதற்கு ஒரு விலை உண்டு. வினவலிலும் அதே கோவையை அப்படியே எழுதினால்தான் இண்டெக்ஸ் பயன்படும். தொடக்கம் இதற்கு முன், முடிவு இதற்குப் பின் என்று பழைய பாணியில் எழுதினால் வினவலை நிறைவேற்றும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பிளானர் அந்த இண்டெக்ஸைத் திரும்பிப் பார்க்காது. வேகத்துக்காக இதில் கவனம் செலுத்துவது பயனுள்ளது, ஏனென்றால் தொடக்க நேரத்தின் மீதான சாதாரண பிட்ரீ இண்டெக்ஸுக்கு, இன்று நடப்பில் உள்ளவை எவை என்ற கேள்விக்கு முந்தைய வரலாறு முழுவதும் பொருந்தும் தொடக்கங்களாகவே தெரியும். கட்டுப்பாட்டைச் சேர்க்கும் நேரத்தில் அட்டவணை முழுமையாகப் பூட்டப்படும், எழுதுவதைத் தடுக்காத கன்கரண்ட் முறையில் இண்டெக்ஸை முன்கூட்டியே கட்டிவைத்து இணைக்கவும் முடியாது. ஆகவே பயனர் இல்லாத நேரத்தைத் தேர்ந்து, முதலில் தரவின் நகலில் ஓட்டிப் பார்த்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று அறிந்துகொள்வது அவசியம்.

செயலியின் பக்கம் எதிர்பாராமல் தடுக்கியது அப்சர்ட் நிரல்கள் (பதிவைச் சேர், மோதினால் வேறொன்று செய் என்பவை). மோதினால் ஒன்றும் செய்யாதே என்ற வடிவம் இந்தக் கட்டுப்பாட்டுடன் வேலை செய்யும். மோதினால் புதுப்பி என்ற வடிவம் வேலை செய்யாது. யோசித்துப் பார்த்தால் அது நியாயமே: புதிய இடைவெளி ஒரே சமயத்தில் பல பழைய பதிவுகளோடு மோதலாம், எதைப் புதுப்பிப்பது? அட்டவணைகளை நிரலின் பொருள்களாகக் கையாள உதவும் ஓஆர்எம் கருவிகளில், பைத்தானின் ஜாங்கோவில் 3.0 பதிப்பு முதல் இந்தக் கட்டுப்பாட்டை மாடலிலேயே எழுதலாம். ரேஞ்ச் புலங்கள் அதற்கும் முன்பே அதில் உண்டு. ஜாவாவில் போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி டிரைவர் (செயலியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் நூலகம்) ரேஞ்சுக்கெனத் தனி வகை தருவதில்லை என்பதால் மாற்றியை நாமே எழுத வேண்டியிருக்கும்.

காலியான நேரங்களைக் காட்டும் திரைதான் இந்த மாற்றத்தால் அதிகம் இலகுவானது. முன்பு அதற்காகப் பதிவுகளை வரிசைப்படுத்தி, அடுத்தடுத்த இரண்டின் நடுவே உள்ள வெளியைக் கணக்கிடும் நீண்ட நிரல் இருந்தது. 2021-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 14-ஆம் பதிப்பு, பல ரேஞ்சுகளை ஒரே மதிப்பில் வைக்கும் மல்டிரேஞ்ச் என்ற வகையைத் தந்தது. நாளின் வேலை நேரத்தை ஒரு மல்டிரேஞ்சாக எடுத்து, முன்பதிவுகளை எல்லாம் திரட்டிய மல்டிரேஞ்சை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவதே காலி நேரங்கள்.

வேறு தரவுத்தளங்களில் நிலைமை இதுவல்ல. தொண்ணூறுகளில் ரிச்சர்ட் ஸ்னாட்கிராஸ் முதலானோர் டிஎஸ்கியூஎல்2 என்ற மொழி வழியாகக் காலத்தைத் தரநிலைக்குள் கொண்டுவர முயன்றார்கள்; அது தரநிலையாகவில்லை. 2011 தரநிலை பீரியட் என்பதை ஏற்றுக்கொண்டது, ஆனால் தரவு வகையாக அல்ல. இரண்டு புலங்களுக்கு இடப்படும் ஒரு பெயராக மட்டுமே, அதுவும் அரைத்திறந்த வடிவத்தில். மரியாடிபி 10.5 முதல் இப்படியான பீரியட் மேற்பொருந்தாமல் தடுக்க முடியும். மைஎஸ்கியூஎல்லில் இன்டர்வல் என்ற சொல் கணக்கீட்டுக்குள் மட்டும் வரும், அதைப் புலத்தின் வகையாக்க முடியாது. மோதலைத் தடுக்க அங்கே கருவியின் பதிவைப் பூட்டுவதே நடைமுறை. அதைச் செய்பவர்கள் பூட்டையும் சேர்ப்பையும் தரவுத்தளத்திலேயே சேமிக்கப்படும் நிரலான ஒரே ஸ்டோர்டு புரொசீஜருக்குள் வைத்து, அட்டவணையில் நேரடியாக எழுதும் உரிமையை மற்ற எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடுவது நல்லது.

எங்கள் கட்டண அட்டவணை சிறியது, அதைப் படிக்கும் நிரல்களும் குறைவு. எனவே அதில் தேதி ரேஞ்சையே நேரடிப் புலமாக வைத்தோம். 2025-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 18-ஆம் பதிப்பு, ஒவ்வொரு பதிவையும் தனித்தறிய உதவும் முதன்மைச் சாவியிலேயே மேற்பொருந்தாமை விதியை எழுத அனுமதிக்கிறது. அங்கே வெற்று ரேஞ்சும் தானாகவே மறுக்கப்படுகிறது. காலம் சார்ந்த ஃபாரின் கீயும் (வேறோர் அட்டவணையில் உரிய பதிவு இருக்க வேண்டும் என்ற விதி) அதில் வந்துவிட்டதால், ஒரு கட்டணம் செல்லும் காலம் முழுவதும் அந்தக் கருவி சேவையில் இருந்திருக்க வேண்டும் என்ற விதியை, கருவியின் சேவைக் காலம் பல துண்டுகளாக இருந்தாலும், தரவுத்தளமே பார்த்துக்கொள்கிறது. ஆனால் மூலப் பதிவு மாறும்போது சார்ந்த பதிவுகளையும் மாற்றும் கேஸ்கேட் போன்ற தானியங்கி நடவடிக்கைகளை இந்த ஃபாரின் கீ இப்போதைக்கு ஏற்பதில்லை. ஒரு கருவியின் சேவைக் காலத்தைச் சுருக்குவதற்கு முன், அதைச் சார்ந்த கட்டணங்களின் முடிவை அதே பரிவர்த்தனையில் நாமே முதலில் சுருக்கியாக வேண்டும்.